நைலான் நுழைந்த வீடு

எங்கள் வீட்டில் நைலான் கிடையாது. பாலியெஸ்டரும் கிடையாது. பட்டுப்புடவைகூட விசேஷத்தன்று வெளியே வந்து, அன்று சாயங்காலமே பீரோவுக்குள் திரும்பிப் போய்விடும். அம்மா கட்டியதெல்லாம் நூல் சேலைகள். என் பள்ளிச் சீருடையைக் கடையில் வாங்காமல், கிட்டத்தட்ட அதே நீலத்தில் பருத்தித் துணி தேடி எடுத்துத் தைத்துப் போட்டார்கள். வகுப்புப் புகைப்படங்களில் நான் மட்டும் சற்று வெளுத்த நீலத்தில் நிற்பேன். பட்டாசு ஆலை வைத்திருப்பவர்கள் வீட்டில் இதெல்லாம் சாதாரணம். நைலான் உரசினால் பொறி வரும் என்பார்கள். பொறி வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லி முடிக்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு ஆலைக்குள் போகிறவர்களுக்குத்தானே, வீட்டில் இருக்கிற பிள்ளையின் பாவாடைக்கு எதற்கு என்றும் யாரும் கேட்டதில்லை.

இன்றைக்கும் மகளுக்குக் கவுன் எடுக்கப் போனால் என் விரல்கள் தாமாகவே துணியைத் தேய்த்துப் பார்க்கின்றன. விருதுநகரில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறேன், கணவருக்குப் பருப்பு வியாபாரம், வீட்டில் ஒரு கம்பி மத்தாப்புகூட இல்லை. ஆனாலும் தேய்க்கிறேன். தேய்த்துவிட்டு, இவ்வளவு பயப்படுகிறோமே, இது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுகிறேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் ஒரு நாள் அப்பா ஒரு பெரிய பை நிறைய நைலானோடு வந்து இறங்கினார்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய ஆலை வெம்பக்கோட்டை போகும் வழியில் இருந்தது. ஆலையில் நின்று வேலை பார்ப்பவர் அப்பா. சிவகாசி ஆபீசில் போனும் பில்லுமாக உட்கார்ந்திருப்பவர் பெரியப்பா. வடக்கே போய் ஆர்டர் எடுப்பது மட்டும் அப்பாவின் பொறுப்பு, ஏனென்றால் பெரியப்பாவுக்கு ரயில் ஆகாது. புனே பக்கம் ஒரு டீலர், ஆர்டரும் கொடுத்துவிட்டு, விருந்தாளியைச் சும்மா அனுப்பக் கூடாதென்று ஊருக்கு வெளியே ஒரு மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே பாராகிளைடிங், பெரிய துணியை இறக்கைபோல விரித்து மலையிலிருந்து பறப்பது. பழகிய ஒருவர், தனக்கு முன்னால் கட்டி உட்கார வைத்து அப்பாவைப் பறக்கக் கூட்டிப் போனார். இறங்கி வந்தவர் அடுத்த இரண்டு வருடமும் ஆர்டர் எடுக்கப் போகும்போது, தனியாகப் பறக்கக் கற்றுக்கொள்ளக் கூடுதலாகச் சில நாள் தங்கினார். ஆர்டர் கூடவில்லை. மூன்றாம் வருடம்தான், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற அந்தப் பறக்கும் துணி வீட்டுக்கு வந்தது. மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்டது.

“ஏலே, ஆர்டர் எடுத்துட்டு வான்னு அனுப்பினா, கூடாரத்தத் தூக்கிட்டு வந்து நிக்கான் பாரு” என்றார் பெரியப்பா.

ஆலையில் வேலை செய்த அக்காமார்கள் அவரைவிட நன்றாகச் சொன்னார்கள். “மொதலாளி ராக்கெட் விட்டுப் பாத்தாக, அது பத்தல. இப்பத் தானே போறாகளாம்.”

துணிக்கு ஆலைக்குள் அனுமதி இல்லை. குடோனுக்குள்ளும் இல்லை. மொட்டை மாடி அறையில் தனியாக, ஒரு தீட்டுப் பட்ட பொருள்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா அதை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போவார். கோடையில் அணை வற்றிக் கிடக்கும். காய்ந்த தரையில் துணியை விரித்து, கயிறுகளைச் சுண்டி, தலைக்கு மேலே எழுப்பி, அதோடு ஓடுவார். தரையை விட்டுக் கால் எழும்பாது. அது பழக்கத்துக்கான ஓட்டம். ஆடு மேய்க்கிற பெண் ஒருவர் கரையிலிருந்து கத்துவார். “அண்ணாச்சி, குடைய மடக்குங்க! கெடா மிரளுது!” அப்பா மடக்குவார். ஆடுகள் கடந்ததும் மறுபடி விரிப்பார்.

எங்களுக்கு விடுமுறை என்று வருடத்தில் ஒன்றுதான். தீபாவளி வரை ஆலையில் சீசன். அது முடிந்து, ஆலை மெதுவாக மூச்சு வாங்குகிற டிசம்பரில், எனக்கு அரையாண்டு லீவு வரும்போது எங்காவது போவோம். துணி வருவதற்கு முன்னால் குற்றாலம், திருச்செந்தூர், கொடைக்கானல் என்று போய்க்கொண்டிருந்தோம். துணி வந்த பிறகு எல்லா ஊரும் மலையாகிவிட்டது, அதுவும் மரமில்லாத புல் மலை. எந்த மலை என்பதை அப்பா முடிவு செய்வார், எத்தனை நாள் என்பதை அம்மா. முதல் வருடம் போன இடத்தில் மழை. அடுத்த வருடம் பனிமூட்டம். அப்பா பையைத் திறக்காமலே அதன் மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அம்மாவும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஊருக்குத் திரும்பியதும் அத்தை கேட்பாள். “பிள்ளைய எங்கன கூட்டிட்டுப் போனீக? என்னத்தப் பாத்தீக?”

“காத்தப் பாத்துட்டு வந்தோம், மதினி” என்பாள் அம்மா.

ஆக, அப்பா பறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. பறக்கிறவர் என்ற பெயர் மட்டும் ஊருக்குள் பரவிவிட்டது. சிவகாசியில் அதைவிட வேகமாகப் பரவுவது குறைவு.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பெரியப்பா மகளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை பார்த்து முடிவானது. அரையாண்டு லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்; மார்கழிதான், ஆனால் தையிலேயே கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார்.

“மாப்பிள்ள வீட்ல கேக்காகலே. ‘உங்க தம்பிக்கு என்ன, நல்லாத்தான இருக்காரு?’ங்காக. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்கண்ணே.”

“சிரிக்காத. பொண்ணு குடுக்கிற எடம். இந்த ஒரு தடவ போயிட்டு வா, நான் வேண்டாங்கல. ஞாயித்துக்கெழம மண்டபத்துல மனுசனா வந்து நில்லு. மறுநாளு அந்தத் துணி வந்த எடத்துக்கே போயிரணும்.”

“சரிண்ணே” என்றார் அப்பா.

அம்மா அடுப்படி நிலையோரம் நின்றிருந்தாள். கணவரின் அண்ணனோடு அவள் நேராகப் பேசுவதில்லை. அந்த மரியாதைக்காக நான் இடையில் நிற்க வேண்டும். “காப்பி ஆறுதுன்னு பெரியப்பாட்ட சொல்லு, பாப்பா” என்றாள். பெரியப்பா காதில் அது நன்றாக விழுந்தது. ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் டம்ளரை எடுத்தார்.

அந்த வருடம் கேரளாவில் வாகமண். வியாழக்கிழமை கிளம்பி, வெள்ளிக்கிழமை அப்பா பறந்து, சனிக்கிழமை தேக்கடியில் படகில் போய் யானை பார்த்துவிட்டு, அன்றே ஊர் திரும்புவது என்று திட்டம். படகு எனக்காக. அம்மா கேட்டு வாங்கிக் கொடுத்தது. வகுப்பில் எல்லோரிடமும் யானையைப் பார்த்தே விட்டதுபோல் சொல்லி வைத்திருந்தேன்.

சிவகாசிக்காரர் வெளியூரில் யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போக முடியாது. பழம் கொண்டு போனால் எதிரில் இருப்பவர் முகம் விழுந்துவிடும். வெடி எங்கே என்று கண் தேடும். நாங்கள் தங்கப்போகிற விடுதிக்காரரும் கிறிஸ்துமஸ், புதுவருடம் இரண்டையும் சொல்லி அப்பாவிடம் போனில் கேட்டு வைத்திருந்தார். அதனால் குவாலிஸ் வண்டிக்குள் சில கிஃப்ட் பாக்ஸ். அதே வண்டியில் பறக்கும் துணி. விடியற்காலையில் வழியனுப்ப வந்த பெரியப்பா பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“நைலானையும் வெடியையும் ஒரே வண்டியிலயா ஏத்திருக்க? கிறுக்கா புடிச்சிருக்கு?”

“வெடிய எறக்கிருவோமாண்ணே?”

“குடுக்கேன்னு சொன்னத எப்படி எறக்க? மரியாத போயிரும்லா. நீ சாப்புடு, நான் பாத்துக்கிடுதேன்.”

நாங்கள் உள்ளே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, துணிப்பை வண்டியின் உச்சியில் கேரியருக்குப் போயிருந்தது. சாக்கு சுற்றிக் கயிறு போட்டு அழகாகக் கட்டியிருந்தது. தூசி படாமல் இருக்க என்று அப்பா நினைத்துக்கொண்டார். அண்ணனுக்கும் கடைசியில் மனம் இளகிவிட்டது என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது முன்கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்தது. “பனி” என்று சொல்லி அப்பா வைப்பரைப் போட்டார். கிருஷ்ணன்கோவிலிலும் பனி. தேனியில் வெயில் ஏறிய பிறகும் கொஞ்சம் பனி இருந்தது. கம்பத்தில் நின்றுவிட்டது.

வாகமண் போய்ச் சேர்ந்து சாக்கைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆலையில் பொறி பயமுள்ள இடங்களில் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் போடுவது வழக்கம். ஈரம் இருந்தால் மின்சாரம் தங்காது என்பது அங்கே பாலபாடம். அந்தப் பாடத்தின்படியே பெரியப்பா, ஆலைச் சாக்குகளைத் தொட்டியில் ஊற வைத்து, பையைச் சுற்றி இரண்டு அடுக்காகக் கட்டி அனுப்பியிருந்தார். பை ஈரம். உள்ளே துணி ஈரம். மஞ்சள் முழுக்கச் சணல் பிசிர். சாக்கில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடி தண்ணீரோடு வழிந்து அங்கங்கே வெள்ளிக் கறை. அப்பா இரண்டு கையாலும் துணியின் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நுனியிலிருந்து தண்ணீர் அவருடைய ஷூவில் சொட்டியது.

விடுதியின் போனிலிருந்து பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக?”

மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. “நனைச்சதுனாலதாம்லே நல்லபடியா போய்ச் சேந்திருக்கீக! அத முதல்ல நெனச்சுக்க!”

அன்று சாயங்காலம் விடுதிக்காரரின் பிள்ளைகள், பெரியப்பாவின் தயவில் பத்திரமாக வந்து சேர்ந்த மத்தாப்புகளை முற்றத்தில் கொளுத்தி ஆடினார்கள். அந்த வெளிச்சத்தில் அப்பா வராந்தாவில் உட்கார்ந்து கயிறுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் துணி காய்ந்தது. வெயிலில் போட்டால் நைந்துவிடும், நிழலில் காற்றாடத்தான் போட வேண்டும் என்றார் அப்பா. விடுதிக்குப் பின்னால் மரத்தடிப் புல்லில் விரித்தோம். நிழல் நகர நகர நாங்களும் அதை நகர்த்தினோம். மத்தியானம் அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். அதுவரை அவள் அந்தத் துணியைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் போனவள் குனிந்து முதலில் மண்ணைத் தொட்டாள். ஆலை வாசலில் ஒரு செப்புத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர்கள் உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போகட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அங்கே தகடு இல்லாததால் அம்மா மண்ணைத் தொட்டாள். பிறகு உட்கார்ந்து, குழந்தையின் தலையைத் துவட்டுவதுபோல, சேலையால் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிசிரைப் பொறுக்கினாள்.

“நீ இத விட வேண்டியதுதான?” என்றார் அப்பா. “எப்படியும் அனுப்பப் போறதுதான.”

“அழுக்கோடயா அனுப்புவாக?” என்றாள் அம்மா.

துணி காய்ந்து முடிந்தபோது காற்று நின்றுபோயிருந்தது. அப்பா பறக்கிற மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சரி, மடிச்சிருவோம். நாளைக்குப் பாப்பாவப் படகுல கூட்டிட்டுப் போகணும். பாவம், எத்தன நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கா.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்போது அம்மா சொன்னாள்.

“படகு வேண்டாம். நாளைக்குக் காலைல இருந்து பாருங்க. காத்து வந்ததும் பறந்துருங்க.”

அப்பாவே அதிர்ந்துபோய்த்தான் பார்த்தார். நான் அழுதேன். சாதாரணமாக நான் அழுதால் அம்மாவுக்குத் தாங்காது. எதையாவது கொடுத்து நிறுத்திவிடுவாள். அன்று மசியவில்லை. “யானை எங்கன போயிரும்? அங்கனதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு என் தலையை வாரத் தொடங்கினாள். இவளே கேட்டு வாங்கித் தந்த படகை இவளே பிடுங்கிக்கொண்டாளே என்று எனக்கு ஆத்திரம். அப்பாகூட விட்டுக்கொடுத்தாரே, இவளுக்கு என்ன வந்தது?

சனிக்கிழமை காலையில் மேட்டில் மூட்டம். அங்கே பறக்க வந்திருந்த ஒரு மலையாளி அப்பாவோடு சேர்ந்து துணியையும் கயிறுகளையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வெள்ளிக் கறையைத் தடவி, இது என்ன என்று கேட்டார். “அண்ணன் ஆசீர்வாதம்” என்றார் அப்பா. அவருக்குப் புரியவில்லை. மத்தியானம் வரை மூட்டம் விலகவில்லை. இப்போது கிளம்பினால்கூட இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடலாம் என்று அப்பா இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் அம்மா, “இருங்க, பாப்போம்” என்றாள். நான் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு வட்டம் மொட்டையாக்கியிருந்தேன்.

பிறகு மூட்டம் ஒரு பக்கமாகக் கிழிந்து, பள்ளத்தாக்கு தெரிந்தது. கீழேயிருந்து காற்று ஏறியது. மலையாளி ஒரு பிடி புல்லை மேலே விட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்பா குனிந்து மண்ணைத் தொட்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து மலையாளியும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துணி எழும்பியது. அப்பா சில எட்டுகள் ஓடினார். அவ்வளவுதான். கால் தரையில் இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அப்பா எங்கள் தலைக்கு மேலே, சரிவை ஒட்டி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையைப் பிடிக்கலாம் என்று திரும்பினால், அவள் கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலம் இருந்தது. பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஊரில் எங்களுக்குப் பரிமாறிவிட்டு நின்றபடியே ஏதோ வாயில் போட்டுக்கொள்கிற அம்மா, காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை வைத்து, ஒவ்வொரு சேவாக ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா விழுந்துட்டா?”

“விழ மாட்டாக. அந்தா பாரு, கால எப்படி ஆட்டிக்கிட்டு இருக்காக. ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“எதுக்குப் பயம்? அங்கனதான இருக்காக.” சேவை என் பக்கம் நீட்டினாள். “இந்தா, ஒறைக்காது.”

நான் வாங்கவில்லை. இவளுக்கு என் மேலும் பாசமில்லை, அப்பா மேலும் பாசமில்லை என்று முடிவுக்கு வந்திருந்தேன். அப்பா மேட்டிலேயே வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சின்ன முகமாக, என் வகுப்புப் பையன்களில் ஒருவன் முகம்போல இருந்தது. அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு போனாள்.

“போதுமா? காத்து இருக்குல்ல. இன்னொரு தடவ போயிட்டு வாங்க.”

“நேரமாயிரும்மா. இருட்டுனா மலை எறங்க முடியாது.”

“அப்ப விடிஞ்சதும் எறங்குவோம். நிச்சயம் பதினோரு மணிக்குத்தான?”

அப்பா இன்னொரு தடவை போனார். அம்மா சேவை முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டிக்குள்ளேயே பட்டுப்புடவை மாற்றியிருந்தாள். அப்பாவின் மூக்கு வெயிலில் கருத்து உரிந்திருந்தது, காதோரம் முடியில் வெள்ளிப் பொடி மின்னியது. பெரியப்பா பார்த்த பார்வையில் ஒரு சரம் வெடித்திருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார். நல்ல கனத்த மனிதர்.

“பறக்கிறவுக நீங்கதானா?”

அப்பா தயங்கிக்கொண்டே “ஆமா” என்றார்.

“ஒரு சந்தேகம். அது எம்புட்டு எடை வரைக்கும் தூக்கும்?” என்று கேட்டுவிட்டு அவர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். மண்டபம் சிரித்தது. சாப்பாட்டுக்கு உட்காரும் வரை அவர் அப்பாவை விடவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஆறு எப்படித் தெரியும், பருந்து பக்கத்தில் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். சாப்பிட்டு முடிந்து கை கழுவும் இடத்தில்தான் அப்பாவைத் தனியாகப் பிடிக்க முடிந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்குத் துணிய அனுப்பிரணும், என்ன?”

அப்பா சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். எனக்கு அந்த வாய் தெரியும். அதற்குள் பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“பாப்பா, துணி இருக்கட்டும்னு பெரியப்பாட்ட சொல்லு.”

பெரியப்பா கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். அம்மா இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள். நான் நடுவில்.

“துணி இருக்கட்டுமாம் பெரியப்பா.”

“ஏன்னு கேளு.”

“வருசத்துக்கு ஒரு தடவ நான் பாக்கணும்னு சொல்லு.”

“அம்மா வருசத்துக்கு ஒரு தடவ பாக்கணுமாம்.”

“என்னத்தப் பாக்கணுமாம்?”

அம்மா என்னைத் தாண்டி அவரையே பார்த்தாள். அவள் அவரிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவுகளத்தான், அத்தான்.”

பெரியப்பா சொம்பைக் கீழே வைத்தார். தோள் துண்டை எடுத்து, ஈரமே இல்லாத முகத்தை நெடுநேரம் துடைத்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமல், “இனிமே சாக்க நனைக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். சண்டை வரும் என்று காத்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் ஊரில் பகல் வேளையில் எங்கேயோ ஒரு சத்தம் கேட்கும். சோதனைக்குப் போடுகிற வெடியின் சத்தம் எல்லோருக்கும் பழக்கம். இது வேறு மாதிரி இருக்கும். கதவு அதிரும். தெருவில் இருக்கிற பெண்கள் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். நாரணாபுரம் பக்கமா, வெம்பக்கோட்டை பக்கமா என்று புகையைத் தேடுவார்கள். புகை தெரிந்தாலும் யாருடைய ஆலை என்று தெரியாது. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து போனுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஆபீசில் பெரியப்பாவும் அதேபோல் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். ஆலையில் அப்பாவைத் தேடிப் பிடித்துப் பெரியப்பா பேசி, அப்பா நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்குச் சொல்கிற வரை அடுப்பில் எது கருகினாலும் அம்மா அசைய மாட்டாள். பேசி முடித்துவிட்டு, கருகியதை வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி உலை வைப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். மழை வந்தால் துணி எடுக்க ஓடுவதைப்போல இதுவும் அம்மாக்களின் வேலைகளில் ஒன்று என்று வைத்திருந்தேன்.

என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது இந்த வருடம்தான். பூங்காவில் அவள் உயரமான கம்பியில் தலைகீழாகத் தொங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பதறுகிறார்கள். நான் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறேன். காலையில் வேன் அவளை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குப் பயம் வருகிறது, போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன். இது சரியா, மற்ற அம்மாக்கள் இப்படித்தானா என்று யோசித்துக்கொண்டே நின்றிருந்த ஒரு காலையில், வாகமண் மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா என் முன்னால் வந்தாள்.

துணி போகவில்லை. அது பழையதான பிறகு வேறொன்று வந்தது. ஆலை இப்போது பெரியப்பா மகன் கையில் இருக்கிறது. அப்பா இன்னும் வருடத்துக்கு ஒரு தடவை பறக்கிறார், அம்மா கூடப் போகிறாள். இந்த அரையாண்டு லீவுக்கு நாங்களும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். மகளைக் கூட்டிப் போகலாமா, தாத்தா பறப்பதைப் பார்த்துப் பயந்துவிடுவாளா, தானும் பறக்க வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது என்று மூன்று தடவை மனம் மாறி, கடைசியில் அவளுக்கும் சேர்த்து ரூம் போடச் சொல்லிவிட்டேன்.

அன்று மண்டபத்தில், பாயசக் கையோடு ஒரு தூணில் சாய்ந்து நின்று, போன படகை நினைத்து அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தேன். அம்மா யாரையும் கவனிக்கவில்லை. எதிர்ப் பந்தியில் அப்பா கையை விரித்து யாருக்கோ காற்றை விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷனைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு விடுமுறைதான் என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?